கார் ஓட்டத் தெரியும், பைக் கற்கணும் என்பவர்களுக்கு: சேலத்து டிரைவிங் ஸ்கூல் ஒன்றைப் பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் நன்றாக ஓட்டத் தெரியும், பைக்கில் பின்னால் உட்கார்ந்துதான் பழக்கம், நாற்பதுக்கு மேல் இனிமேல் கற்றுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால், இந்த ஸ்கூலில் தாராளமாகச் சேருங்கள். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். வண்டியை மெதுவாக ஓட்டுவதை இவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தருகிற இடம் சேலத்தில் நான் விசாரித்த வரை வேறு இல்லை. ஆனால் பிரேக் பிடிப்பதும் மலைப்பாதையும் இவர்களுடைய பாடத்தில் கிடையாது. அதை நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் சேருவதற்கு முன்னால் யாராவது விவரமாக எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன், 'நல்ல ஸ்கூல், நல்ல மாஸ்டர்' என்பதற்கு மேல் ஒரு வரி எங்கும் கிடைக்கவில்லை.

எனக்கு பைக் எதற்கு என்று வீட்டிலேயே கேட்டார்கள். காபி, மிளகு வாங்கி விற்கிற சின்ன வியாபாரம் என்னுடையது. ஏற்காடு டவுன் வரை கார் சுகமாகப் போகும். அங்கிருந்து நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் உள்ளே தோட்டங்களுக்குப் பிரியும் பாதையில் எதிரே ஒரு ஜீப் வந்துவிட்டால் ரிவர்ஸ் எடுத்தே பாதி நாள் போய்விடும், சில இடத்தில் காரை விட்டுவிட்டு நடக்கத்தான் வேண்டும். ஸ்கூட்டர் போதாதா என்றால், கல்லும் பள்ளமுமான பாதையில் அந்தச் சின்னச் சக்கரம் தடுமாறும். ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிக்கு 18 அங்குலச் சக்கரம், அதே பள்ளத்தில் அலட்டாமல் ஏறி இறங்கும். அதனால் கியர் வண்டிதான் என்று முடிவு செய்தேன்.

கார் லைசன்ஸ் இருந்தால் ஸ்கூட்டர் ஓட்டிக்கொள்ளலாம் என்று நம் ஊரில் நிறையப் பேர் நம்புகிறார்கள். கூடாது. அட்டையில் எல்.எம்.வி. (கார் மாதிரி இலகு ரக வண்டிகளுக்கான வகை) மட்டும் இருந்தால் இரு சக்கர வண்டி எதையும் ஓட்ட அனுமதி இல்லை. கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு எம்.சி.டபிள்யூ.ஜி. என்று போடுவார்கள், அதை வாங்கினால் ஸ்கூட்டரும் ஓட்டலாம். கியர் இல்லாத வகைக்கு மட்டும் வாங்கினால் கியர் பைக் ஓட்ட முடியாது, அதனால் எடுப்பதானால் கியருக்கே எடுங்கள். லைசன்ஸ் இல்லாமல் பிடிபட்டால், 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 5,000 ரூபாய். அதைவிடப் பெரிய பயம் இன்சூரன்ஸ். அந்த வகைக்கு லைசன்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்தானால் வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி கையை விரித்துவிடலாம், அடிபட்டவருக்குக் கொடுத்த நஷ்ட ஈட்டை வண்டிக்காரரிடம் திருப்பியும் கேட்கலாம். பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. கார் லைசன்ஸ் எடுக்கும்போதே 'பைக்கும் சேர்த்துப் போட்டுடலாங்க' என்று ஸ்கூல்காரர் சொல்லி, இவர்களும் தலையாட்டி, அட்டையில் இரண்டும் இருக்கும், பைக் மட்டும் ஓட்டத் தெரியாது. அவர்களும் இங்கே வரலாம். லைசன்ஸ் வேலை எதுவும் வேண்டாம், பயிற்சி மட்டும் போதும் என்றால் அதற்கும் ஒத்துக்கொள்கிறார்கள்.

இங்கே வருவதற்கு முன் வேறு ஒரு ஸ்கூலில் விசாரித்தேன். எத்தனை வகுப்பு, எந்த வண்டி, யார் சொல்லித்தருவார் என்று கேட்டதற்கு ஒன்றுக்கும் பதில் இல்லை. 'எட்டு போடற அன்னிக்கு மட்டும் வாங்க மேடம், மத்ததை நாங்க பாத்துக்கறோம்' என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். லைசன்ஸ் அட்டையா என்னை ஏற்காட்டிலிருந்து பத்திரமாக இறக்கிக்கொண்டு வரப்போகிறது?

சரி, இந்த ஸ்கூலுக்கு வருகிறேன்.

கார் ஓட்டத் தெரிந்தவருக்கு பைக் சுலபம் என்பது பாதிதான் சரி. சாலை நமக்குத் தெரியும். ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்துக்குக் கீழே டவுன் பஸ் எப்போது இடது பக்கம் ஒடிக்கும், சந்திலிருந்து ஆட்டோ எப்படித் தலையை நீட்டும், இண்டிகேட்டரை எந்தப் பக்கம் போட்டுவிட்டு எந்தப் பக்கம் திரும்புவார்கள் எல்லாம் கண்ணுக்குப் பழக்கம். சிக்கல் கை கால்களில். காரில் கிளட்ச் இடது காலுக்கு, கியர் இடது கைக்கு. பைக்கில் கிளட்ச் இடது கைக்கு, கியர் இடது காலுக்கு. இரண்டும் அப்படியே இடம் மாறிக் கிடக்கின்றன. காரில் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் ஒரே வலது காலின் வேலை, காலை ஒன்றிலிருந்து எடுத்தால்தான் இன்னொன்றில் வைக்க முடியும். பைக்கில் ரேஸும் முன் பிரேக்கும் ஒரே வலது கையில் இருக்கின்றன, பின் பிரேக் வலது காலில். பதற்றத்தில் பிரேக்கை இழுக்கிற கை ரேஸையும் சேர்த்து முறுக்கிவிடும். பதினெட்டு வயசுப் பையனுக்குப் பழசு என்று மறக்க எதுவும் இல்லை, அவன் நேராகக் கற்றுக்கொள்கிறான். வருஷக்கணக்கில் காரோடு பழகிய கை கால்களுக்கு அப்படி இல்லை, அதைப் புரிந்துகொண்டு சொல்லித்தருகிறவர் வேண்டும்.

இங்கே சொல்லித்தருகிற பெண்ணுக்கு அது புரிந்திருந்தது. என்னைவிட வயதில் சின்னவர், எல்லோரையும் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார். முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி, 'சைக்கிள் ஓட்டுவீங்களாக்கா?' என்பது. சைக்கிள் தெரிந்தால் பேலன்ஸ் கையில் இருக்கிறது, தெரியாதென்றால் முதலில் சைக்கிளில் இரண்டு நாள் சுற்றிவிட்டு வரச் சொல்கிறார். பள்ளிக்கூட நாளில் ஓட்டியது போதும் என்றார் எனக்கு.

அப்புறம் என்ஜினைப் போடவே விடவில்லை. வண்டியைத் தள்ளச் சொன்னார், ஸ்டாண்டிலிருந்து எடுத்து, உருட்டி, திருப்பி, மறுபடி ஸ்டாண்ட் போட்டு. இது வெட்டி வேலை மாதிரித் தெரியும். ஸ்ப்ளெண்டர் வண்டியே 110 கிலோவுக்கு மேல் இருக்கும், அது எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தால் நம் கைக்கு அடங்காது என்பதை உடம்பு தெரிந்துகொள்வது இப்படித் தள்ளும்போதுதான். அந்தப் பயம் போகாமல் மேலே ஏறினால் முழுக் கவனமும் விழாமல் இருப்பதிலேயே போய்விடும், வேறு எதுவும் மண்டையில் ஏறாது.

அடுத்தது ரேஸைத் தொடாமல் கிளட்ச்சை மட்டும் விட்டு வண்டியை நகர்த்துவது. முதல் கியர் போட்டு, கிளட்ச்சைத் துளித்துளியாக விட்டால் சமதரையில் வண்டி தானே ஊர ஆரம்பிக்கும், இவர் பக்கத்திலேயே நடந்து வருவார். கார்க்காரர்களுக்கு இங்கே ஒரு லாபம் உண்டு. ஏற்றத்தில் காரை நிறுத்தி எடுத்தவர்களுக்குக் கிளட்ச் பிடிக்கிற இடம் எது என்று ஏற்கனவே தெரியும், அது காலில் இருக்கிற அறிவு, கைக்கு மாற்றினால் போதும். ஹாஃப் கிளட்ச், அதாவது கிளட்ச் பாதி பிடித்த நிலை, என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. என்னோடு அதே பேட்ச்சில் இருந்த, எந்த வண்டியும் ஓட்டியிராத காலேஜ் பெண்கள் ரேஸுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவில் வண்டியை அணைத்துக்கொண்டே இருந்தபோது எனக்கு அது சீக்கிரம் படிந்துவிட்டது. அதே பெண்கள் கியர் மாற்றுவதில் என்னைவிட வேகம், அவர்கள் இடது கை கியரைத் தேடி எங்கும் போகவில்லை.

கியர் விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். ஸ்ப்ளெண்டரில் நாலு கியரும் முன்னால் மிதித்தால் விழும். பல்சர் போன்ற வண்டிகளில் ஒன்று கீழே, மற்றதெல்லாம் மேலே. உங்கள் வீட்டில் நிற்கிற வண்டி எது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இரண்டு மாதிரியும் இங்கே இருக்கிறது. கேட்காவிட்டால் காலியாக இருப்பதைத்தான் கொடுப்பார்கள்.

எட்டு போடுவதற்கு இவர்கள் சொல்லித்தரும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. கோட்டைப் பார்க்கக் கூடாது, முன் சக்கரத்தைப் பார்க்கவே கூடாது. 'எங்க போகணுமோ அங்க பாருங்க, வண்டி உங்க கண்ணு பின்னாடிதான் வரும்' என்று திரும்பத் திரும்பச் சொல்வார். தலையை முழுசாகத் திருப்பி, வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தால் கைகள் தானாக அந்த அளவு திரும்புகின்றன. முட்டி இரண்டும் டேங்கை ஒட்டி இருக்க வேண்டும், ரேஸ் ஒரே அளவாக, வேகத்தைக் கிளட்ச்சாலும் பின் பிரேக்கை லேசாகத் தொட்டும் அடக்க வேண்டும். கால் தரையில் பட்டால் டெஸ்டில் போச்சு. நிறையப் பேர் எட்டை டெஸ்டுக்கான வித்தை என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சேவாப்பேட்டை கடைவீதியில் மூட்டை வண்டிக்கும் மாட்டுக்கும் நடுவில் கால் ஊன்றாமல் ஊர்ந்து வெளியே வருவதற்குத் தேவையானது முழுக்க அந்த எட்டில் இருக்கிறது. இதை அவசரப்படுத்தாமல், வராதவர்களை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் சொல்லித்தந்ததற்குத்தான் நான் கொடுக்கும் நாலும்.

குறைந்த அந்த ஒன்று பிரேக்குக்காக. கிரவுண்டில் எல்லோருக்கும் சொல்வது, 'முன் பிரேக்கைத் தொடவே தொடாதீங்க.' மண் தரையில், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அது சரி, முன் சக்கரம் வழுக்கினால் விழுவது நிச்சயம். ஆனால் அதே பழக்கத்தோடு தார் ரோட்டுக்கு அனுப்புவது சரியே இல்லை. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன் பக்கம் சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. அப்போது பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் சக்கரம் இழுத்துக்கொண்டு வழுக்கும், வண்டியும் சீக்கிரம் நிற்காது. நிறுத்துகிற பலத்தில் பெரும் பங்கு முன் பிரேக்குடையது. வண்டி நேராக இருக்கும்போது இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் படிப்படியாக அழுத்த வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளில் 125 சிசி வரை குறைந்தது சி.பி.எஸ். (இரண்டு பிரேக்கையும் இணைக்கிற அமைப்பு), அதற்கு மேல் ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) கட்டாயம். சி.பி.எஸ். வண்டியில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். பயிற்சிக்குக் கொடுத்த பழைய வண்டியில் இரண்டும் இல்லை, அதில் பழகிவிட்டு வீட்டுப் புது வண்டியில் ஏறுகிறவருக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதும் இல்லை.

நான் கேட்டேன். கேட்டதும் மறுநாள் காலை ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு தார் ரோட்டுக்குக் கூட்டிப்போய், மெதுவான வேகத்தில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நேர்க்கோட்டில் நிறுத்திப் பழக்கினார், நன்றாகவே பழக்கினார். 'கேட்டா சொல்லித்தர்றோம்க்கா, யாருமே கேக்கறதில்ல' என்றார். எனக்கு அது வருத்தமாக இருந்தது. தெரியாதவர் எப்படிக் கேட்பார்? 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு, அதில் 44.5 சதவீதம் இரு சக்கர வண்டியில் போனவர்கள். இவ்வளவு அக்கறையான பயிற்சியாளரை வைத்திருக்கிற ஸ்கூல், பிரேக்கைக் கேட்டவர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரு வகுப்பு இதற்கென்று ஒதுக்க வேண்டும் என்று உரிமையாளரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

மலையும் அப்படித்தான். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) மட்டும் வைத்திருப்பவரை ஏற்காடு ரோட்டில் ஏற்ற முடியாது என்று சொல்வது நியாயம், அதைக் குறை சொல்லமாட்டேன். வாயாலாவது சொல்லித்தரலாம் இல்லையா? சேலத்தில் பைக் கற்கிற யாரும் என்றைக்காவது ஒருநாள் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தான் போகிறார்கள். எனக்கு அதைச் சொன்னவர் மஞ்சக்குட்டையில் மிளகு கொடுக்கிற பெரியவர். 'எந்த கியர்ல ஏறுனயோ அதே கியர்ல எறங்கு கண்ணு, நியூட்ரல்ல மட்டும் உடாத' என்றார். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைத்து உருட்டுகிறவர்களை அந்த ரோட்டில் தினமும் பார்க்கலாம், வண்டியின் மொத்த பாரத்தையும் பிரேக் மட்டும் தாங்க, அது சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். சின்ன கியரில் வந்தால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போய்ப் பிரேக்கைத் தேடக் கூடாது. பஸ் திரும்ப முழு ரோடும் வேண்டும், ஹாரன் கேட்டால் வளைவுக்குள் நுழையாமல் முன்னாலேயே ஓரமாக நின்றுவிடுங்கள். ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. மழைக்காலத்தில் ஓரத்தில் அழுகிய இலை, பனிமூட்டம், எந்தக் காலத்திலும் குரங்கு. முதல் தடவை சனி ஞாயிறில் போகாதீர்கள், வெளியூர் கார்கள் வளைவில் எந்தப் பக்கம் வரும் என்று அவர்களுக்கே தெரியாது.

பேப்பர் வேலை பற்றிச் சுருக்கமாக. ஸ்கூலே செய்து தருகிறது, ஆனால் பயிற்சி, அரசுக் கட்டணம், அவர்கள் கூலி மூன்றையும் ஒரே தொகையாகச் சொல்கிறார்கள், ரசீதிலும் அப்படியே. பிரித்து எழுதித் தரச் சொன்னேன், கொஞ்சம் இழுத்தடித்துவிட்டுத்தான் தந்தார்கள். மத்திய மோட்டார் வாகன விதிப்படி எல்.எல்.ஆருக்கு ஒரு வகைக்கு 150 ரூபாய், டிரைவிங் டெஸ்டுக்கு 300, இருக்கிற லைசன்ஸில் புது வகையைச் சேர்க்க 500, சேவைக் கட்டணங்கள் தனி. இதை வைத்துக்கொண்டு பேசினால் எது எதற்கு என்று உங்களுக்கே புரியும். நான் பயிற்சிக்கு மட்டும் அவர்களிடம் கட்டிவிட்டு விண்ணப்பத்தை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நானே போட்டேன், அதற்கு முகம் சுளிக்கவில்லை. இணையம் பழகாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம். ஏற்கனவே லைசன்ஸ் இருப்பவர்களுக்கு எல்.எல்.ஆருக்கான கேள்வித் தேர்வு கிடையாது. நாற்பது தாண்டியவர்களுக்கு டாக்டர் கையெழுத்திட்ட 1ஏ படிவம் வேண்டும். எல்.எல்.ஆர். வந்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட், எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், அதனால் அவசரமே இல்லை, நன்றாகக் கை படிந்த பிறகு தேதி எடுங்கள். அதுவரை வண்டியில் முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும், சொல்லித்தருபவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. சேலத்தில் மேற்கு, கிழக்கு, தெற்கு என்று ஆர்.டி.ஓ. அலுவலகங்கள் பிரிந்திருக்கின்றன, உங்கள் முகவரி எதன் கீழ் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். டெஸ்டுக்கு வண்டி ஸ்கூல் கொடுக்கும். டெஸ்ட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, எட்டும் கை சிக்னலும் ஒழுங்காக வந்தால் முடிந்தது.

சின்னக் குறைகள் சில. ஹெல்மெட் கொடுக்கிறார்கள், ஆனால் எல்லாம் ஒரே அளவு, பெண்கள் தலைக்கு ஆடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டைச் சொந்தமாக வாங்கிவிட்டுப் போங்கள், எப்படியும் வாங்கத்தான் வேண்டும். ஒரு வண்டியில் வலது கண்ணாடி இல்லை. கார்க்காரர்களாகிய நாம் கண்ணாடி பார்த்தே பழகியவர்கள், கண்ணாடி இல்லாத வண்டியைக் கொடுத்தால் வேறு கேளுங்கள், தருகிறார்கள். கண்ணாடி இருந்தாலும் திரும்பும் முன் தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்க்கச் சொல்லித்தருகிறார்கள், அது நல்ல பழக்கம், இப்போது காரிலும் செய்கிறேன். கிரவுண்டில் நிழல் கிடையாது. மார்ச்சுக்கு மேல் சேலத்து வெயிலில் எட்டு மணி பேட்ச் எடுத்தால் ஹெல்மெட்டுக்குள் தலை வெந்துவிடும், ஆறு மணி பேட்ச் கேட்டு வாங்குங்கள். செருப்போடு போகாதீர்கள், கணுக்காலை மூடுகிற ஷூ வேண்டும், சேலை துப்பட்டா சக்கரத்தில் சிக்காமல் சுடிதாருக்கு மேல் ஒரு சட்டை போட்டுக்கொள்வது நல்லது.

போன் செய்தால் பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள். காலை ஏழரை மணிக்குள் நேராக கிரவுண்டுக்குப் போனால் பயிற்சியாளர் அங்கேதான் இருப்பார். பணம் கட்டுவதற்கு முன் அவரிடமே பேசி, பிரேக் வகுப்பு உண்டா, எந்த வண்டி, எந்த பேட்ச் என்று மூன்றையும் முடிவு செய்துகொண்டு அப்புறம் ஆபீசுக்குப் போங்கள்.